வைஃபை ஃபுல்லா இருக்கு, நெட் ஏன் வரலை? கையடக்க ஹாட்ஸ்பாட் ஓர் எளிய அறிமுகம்

சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்திலிருந்து சித்தப்பா போன் செய்திருந்தார். "தம்பி, வைஃபை கோடு எல்லாம் நிறைஞ்சுதான் நிக்குது. ஆனா யூடியூப் சுத்திக்கிட்டே கெடக்கு. மெஷின் போச்சா?"

மெஷின் என்று அவர் சொன்னது உள்ளங்கையில் அடங்கும் ஹாட்ஸ்பாட் கருவியை. சிம் போட்டுப் பட்டனை அழுத்தினால் வீட்டுக்கு வைஃபை கொடுக்கும் சின்னப் பெட்டி. டாங்கிள், நெட் செட்டர், பாக்கெட் ரூட்டர் என்று ஆளுக்கொரு பெயர் சொல்லிக் கேட்டு வாங்குகிறோம். அவர் வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "டிவி பக்கத்துலயே, ஷோகேஸ்ல. வைஃபை நல்லா கிடைக்கணும்ல?"

அதைத் தூக்கிக்கொண்டு போய்த் தெருப்பக்கத்து ஜன்னலில் வைக்கச் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் மறுபடி அழைத்தார். படம் ஓடுகிறது. ஆனால் அவர் குரலில் நிம்மதியைவிடக் குழப்பம்தான் அதிகம் இருந்தது. டிவியில் வைஃபை கோடு நான்கிலிருந்து மூன்றாகக் குறைந்திருக்கிறது. அப்படியிருக்க வேகம் எப்படிக் கூடியது?

நியாயமான கேள்வி. இதற்கு விடை தெரிந்தால், இந்தப் பெட்டிகளைப் பற்றி நாம் சொல்லும் பாதிப் புகார்கள் தாமாகவே தெளிந்துவிடும்.

## வைஃபை வேறு, இணையம் வேறு

நெட் வராதபோது "வைஃபை வரலை" என்று சொல்லிப் பழகிவிட்டோம். பேச்சில் அது பரவாயில்லை. பழுது பார்க்க உட்காரும்போதுதான் அந்தப் பழக்கம் நம்மைத் தவறான இடத்துக்கு இழுத்துப்போகும்.

சமையலறைக் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். குழாய் புதுசு, பளபளவென்று இருக்கிறது, திருகினால் வழுக்கிக்கொண்டு திறக்கிறது. ஆனால் மாடித் தொட்டி காலி. என்ன வரும்? காற்றுதான் வரும். அதற்காகக் குழாயை மாற்றினால் செலவுதான் மிச்சம்.

வைஃபை அந்தச் சமையலறைக் குழாய் போன்றது. உங்கள் போனுக்கும் அறையில் இருக்கும் பெட்டிக்கும் நடுவே, சில மீட்டர் தூரத்துக்கு, ரேடியோ அலையில் தகவலைக் கடத்தும் முறை அது. பெட்டிக்குள் தகவல் எங்கிருந்து வந்து சேர்கிறது என்பது வைஃபையின் கவலை இல்லை. சில வீடுகளில் ஃபைபர் கேபிளில் வரும். ஹாட்ஸ்பாட் கருவியில் செல்போன் டவரிலிருந்து வருகிறது. போன் திரையின் மூலையில் நீங்கள் பார்க்கும் வைஃபை கோடுகள் சொல்வது ஒன்றே ஒன்று: போனுக்கும் பெட்டிக்கும் பேச்சுவார்த்தை நன்றாக இருக்கிறது. பெட்டிக்கும் உலகத்துக்கும் பேச்சுவார்த்தை இருக்கிறதா என்று அந்தக் கோடுகளுக்குத் தெரியாது.

## பெட்டிக்குள் ஒரு துபாஷி

பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை, பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேவுக்குத் துபாஷியாக இருந்தார். துபாஷி என்றால் இரண்டு மொழி தெரிந்தவர். உள்ளூர் வணிகர் சொல்வதை ஆளுநருக்கும், ஆளுநர் சொல்வதை வணிகருக்கும் கொண்டுசேர்ப்பவர். ஹாட்ஸ்பாட் செய்யும் வேலையும் அதேதான்.

பெட்டிக்குள் இரண்டு ரேடியோக்கள் இருக்கின்றன. ஒன்று டவரோடு 4ஜி அல்லது 5ஜி மொழியில் பேசும். இன்னொன்று உங்கள் போன், லேப்டாப், டிவியோடு வைஃபை மொழியில் பேசும். நடுவில் ஒரு சின்னக் கணினி உட்கார்ந்துகொண்டு, இந்தப் பக்கம் வந்ததை அந்தப் பக்கம் மாற்றிக் கொடுக்கிறது. எந்தத் தகவல் எந்தக் கருவிக்கு உரியது என்று பிரித்துக் கொடுக்கும் அந்த வேலைக்குத்தான் ரூட்டர் என்று பெயர்.

இந்த ஏற்பாடு புதுசும் இல்லை. லேப்டாப்பின் யூஎஸ்பி துளையில் செருகும் டேட்டா கார்டு காலத்தில், ஒரு கார்டு ஒரு கணினிக்குத்தான். 2009இல் அமெரிக்காவின் நோவாடெல் வயர்லெஸ் நிறுவனம் மைஃபை என்ற பெயரில் பேட்டரியோடு கூடிய பெட்டியைக் கொண்டுவந்தது. அதன் பிறகு ஒரே சிம்மை நாலைந்து கருவிகள் பகிர்வது சகஜமானது. அடுத்த ஆண்டே ஆண்ட்ராய்டு 2.2இல் போனே ஹாட்ஸ்பாட் ஆக முடிந்தது. நம் ஊரில் 2016இல் ஜியோ வந்த கையோடு ஜியோஃபை பெட்டிகளும் வந்து, பலருக்கும் இந்த வகைக் கருவி அறிமுகமானது.

இரண்டு ரேடியோக்களும் புழங்கும் அலைவரிசைகள் வேறு வேறு. வைஃபை 2.4 அல்லது 5 கிகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. அந்த இடத்தில் வீட்டு ரூட்டர் வைக்க யாரிடமும் உரிமம் வாங்க வேண்டாம். டவர் அலைவரிசை அப்படியில்லை. 2022இல் நடந்த 5ஜி ஏலத்தில் மட்டும் நிறுவனங்கள் ஒப்புக்கொண்ட தொகை 1.5 லட்சம் கோடி ரூபாய். அந்தப் பக்கம் அளந்து அளந்து கொடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இங்கே ஒரு கிளைக் குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். சில பெட்டிகளில் வைஃபை பெயர் இரண்டாகத் தெரியும். ஒன்றின் வாலில் '5ஜி' என்று ஒட்டியிருக்கும். அது ஐந்தாம் தலைமுறை செல்போன் சேவை இல்லை; 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை என்பதன் சுருக்கம். 4ஜி சிம் போட்ட பெட்டியிலும் அந்தப் பெயர் தெரியும். "எங்க வீட்ல 5ஜி வந்துடுச்சு" என்று சந்தோஷப்படும் சிலரைப் பார்த்திருக்கிறேன். திருத்த மனம் வரவில்லை.

இதுவரை பார்த்தது: ஹாட்ஸ்பாட்டில் இரண்டு இணைப்புகள் இருக்கின்றன. கருவிக்கும் பெட்டிக்கும் நடுவே வைஃபை, பெட்டிக்கும் டவருக்கும் நடுவே செல்போன் அலை. இரண்டில் எது பலவீனமோ அதுதான் உங்கள் வேகம்.

## பெட்டியை எங்கே வைப்பது?

சித்தப்பாவின் வீடு கான்கிரீட் வீடு. ஷோகேஸ் இருந்தது நடு ஹாலில். டிவிக்கு ஒரு முழம் தள்ளி இருந்ததால் வைஃபை இணைப்பு பிரமாதம். ஆனால் டவரிலிருந்து வரும் அலை, கம்பி கட்டிய இரண்டு சுவர்களைத் தாண்டி அங்கே வருவதற்குள் சோர்ந்துபோனது. ஜன்னலுக்குப் போனதும் டவர் இணைப்பு பலமாகி, வைஃபை இணைப்பு கொஞ்சம் இளைத்தது. ஹாலின் குறுக்கே ஏழெட்டு மீட்டர் தூரம் வைஃபைக்கு ஒரு பொருட்டே இல்லை. டவரோ ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. கஷ்டப்படும் இணைப்புக்குத்தான் நல்ல இடத்தைக் கொடுக்க வேண்டும்.

அலைகள் எல்லாம் சுவரை ஒரே மாதிரி கடப்பதில்லை. பக்கத்துத் தெருவில் கல்யாண மேளம் வாசிக்கிறார்கள், நீங்கள் கதவைச் சாத்திவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தவிலின் 'தொம்' மட்டும் சுவரைத் தாண்டி வரும். ஜால்ராவின் 'கிண்' வெளியிலேயே நின்றுவிடும். ரேடியோ அலையிலும் ஏறக்குறைய அதே கதைதான். தாழ்ந்த அலைவரிசை தூரமும் போகும், சுவரையும் ஓரளவு துளைக்கும். உயர்ந்த அலைவரிசை நிறையத் தகவலைச் சுமக்கும், ஆனால் தடை வந்தால் தடுமாறும். ஜியோவின் 4ஜி 850, 1800, 2300 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. பிஎஸ்என்எல் 4ஜிக்கு 700உம் 2100உம் இருக்கின்றன. இப்படிப் பிரித்த ஒவ்வொரு துண்டுக்கும் பேண்ட் என்று பெயர். பழைய அல்லது மலிவான பெட்டி எல்லாப் பேண்டுகளையும் பிடிக்காது. ஒரே சிம் போனில் பறக்கும், டாங்கிளில் தவழும். அதற்குப் பல நேரம் இதுதான் காரணம்.

தகரக் கூரையும் இரும்பு பீரோவும் பெரிய எதிரிகள். உலோகம் அலையைத் திருப்பி அனுப்பிவிடும். தண்ணீரும் அலையை உறிஞ்சும். மீன் தொட்டிக்குப் பின்னால் ஹாட்ஸ்பாட்டை மறைத்து வைப்பது அழகுக்கு வேண்டுமானால் சரி.

சிக்னலைக் கோடுகளைப் பார்த்து அளக்காதீர்கள். எத்தனை பலத்துக்கு எத்தனை கோடு என்பதை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்கிறார். உண்மையான அளவு டிபிஎம் என்ற அலகில் இருக்கும். ஆண்ட்ராய்டு போனில் 'அபவுட் போன்' பகுதிக்குள் சிம் நிலையைப் பார்த்தால் தெரியும். ஹாட்ஸ்பாட்டின் அமைப்புப் பக்கத்திலும் பெரும்பாலும் இருக்கும். எண் எப்போதும் கழித்தல் குறியோடு வரும். பூஜ்யத்துக்கு நெருங்க நெருங்க நல்லது. 4ஜியில் −85 என்றால் கவலை இல்லை. −100 சுமார். −115 என்றால் ஒப்பேற்றுவதுதான். 85க்கும் 115க்கும் முப்பதுதானே வித்தியாசம் என்று நினைத்துவிடக் கூடாது. இந்த அளவில் ஒவ்வொரு 10க்கும் பலம் பத்து மடங்கு மாறும். முப்பது என்றால் ஆயிரம் மடங்கு.

சிக்னல் குறைந்தால் வேகம் ஏன் குறைய வேண்டும்? பேருந்து நிலையத்து இரைச்சலில் யாரிடமாவது போன் நம்பர் சொல்லிப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வோர் இலக்கமாக நிறுத்தி நிறுத்தி, சிலதைத் திரும்பவும் சொல்ல வேண்டியிருக்கும். டவரும் பெட்டியும் அதைத்தான் செய்கின்றன. காதில் சரியாக விழாதபோது நிதானமாகப் பேசுகின்றன. தகவல் வந்து சேர்கிறது, நேரம் பிடிக்கிறது.

## இரவு ஒன்பது மணிக்கு என்ன ஆகிறது?

சரி, ஜன்னலில் வைத்தாகிவிட்டது, −85 காட்டுகிறது. அப்படியும் ராத்திரி எட்டிலிருந்து பத்துவரை நெட் இழுக்கிறது. மத்தியானம் பறந்தது. பெட்டி கெட்டுவிட்டதா? இல்லை.

டவர் தெருமுனைப் பொதுக்குழாய் மாதிரி. காலை பதினோரு மணிக்குப் போனால் உங்கள் குடம் மட்டும்தான் இருக்கும், நொடியில் நிறையும். விடியற்காலை ஆறு மணிக்குத் தெருவே குடத்தோடு நிற்கும். தண்ணீர் அதே தண்ணீர்தான், பங்கு போடுகிறவர்கள் கூடிவிட்டார்கள். ஒரு டவர் பொதுவாகத் தன்னைச் சுற்றிய பகுதியை மூன்று பங்காகப் பிரித்துக்கொள்கிறது. உங்கள் பங்குக்குள் இருக்கும் எல்லாப் போன்களும், எல்லா ஹாட்ஸ்பாட்களும் ஒரே கொள்ளளவைப் பிரித்துக்கொள்கின்றன. இருபது மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள சாதாரண 4ஜி இணைப்பின் ஏட்டுக்கணக்கு உச்ச வேகம் 150 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 150 மெகாபிட். அந்த எண் பெட்டியின் அட்டையில் பெரிதாக அச்சாகியிருக்கும். ஆனால் அது உங்கள் தெரு முழுமைக்கும் சேர்த்து என்பதை அட்டை சொல்லாது.

ஃபைபரும் ஓரளவு பகிரப்படுவதுதான். ஆனால் ஒரு கண்ணாடி இழை தாங்கும் தகவலோடு ஒப்பிட்டால் காற்றில் போகும் அலைவரிசை குறுகிய சந்து. அதனால்தான் நெரிசல் இங்கே சட்டென்று உறைக்கிறது.

ஆகவே சிம் வாங்குமுன் ஒரு வேலை செய்யுங்கள். மூன்று நிறுவன சிம் வைத்திருக்கும் நண்பர்களையோ உறவினர்களையோ ராத்திரி ஒன்பது மணிக்கு வீட்டுக்குக் கூப்பிட்டு, காபி கொடுத்து, அந்த ஜன்னலோரத்தில் நின்று அவரவர் போனில் வேகம் பார்க்கச் சொல்லுங்கள். விளம்பரத்தில் இருக்கும் இந்திய வரைபடத்தைவிட இந்தச் சோதனை நம்பகமானது.

சுருக்கமாக: சிக்னல் பலம் ஒரு விஷயம், டவரில் நெரிசல் இன்னொரு விஷயம். முதலாவதை இடம் மாற்றிச் சரிசெய்யலாம். இரண்டாவதற்கு நேரத்தையோ நிறுவனத்தையோ மாற்றித்தான் பார்க்க வேண்டும்.

## எம்பிபிஎஸ், ஜிபி: வேகமும் அளவும்

எம்பிபிஎஸ் என்பது வேகம். நொடிக்கு எத்தனை மெகாபிட் வருகிறது என்ற கணக்கு. ஜிபி என்பது அளவு, மொத்தம் எவ்வளவு வந்தது என்பது. குழப்பத்துக்குக் குழப்பம் சேர்க்க, வேகத்தைப் பிட்டிலும் அளவைப் பைட்டிலும் சொல்வது வழக்கமாகிவிட்டது. எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். எனவே எம்பிபிஎஸ்ஸை எட்டால் வகுத்தால்தான் நொடிக்கு எத்தனை எம்பி இறங்குகிறது என்று தெரியும்.

இப்போது வீட்டுக் கணக்குப் போடுவோம். நல்ல தெளிவான வீடியோவுக்கு 3 எம்பிபிஎஸ் என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்துக்கு 1,350 எம்பி. நாளைக்கு 2 ஜிபி தரும் திட்டத்தில் ஒன்றரை மணி நேரம் படம் பார்த்தால் கதை முடிந்தது. ஒரு முழுத் தமிழ்ப் படத்துக்கே போதாது. இடைவேளை தாண்டியதும் சுற்ற ஆரம்பிக்கும். வீடியோ அழைப்பில் போகவும் வரவும் தலா 1 எம்பிபிஎஸ் என்றால் மணிக்கு 900 எம்பி. வேகம் கூடக் கூட அளவு சீக்கிரம் கரையவும் வாய்ப்பு உண்டு. 40 எம்பிபிஎஸ்ஸில் ஒரு பெரிய கோப்பை இறக்கினால் அந்த 2 ஜிபி ஏழு நிமிடத்துக்குள் காலி.

தினசரி அளவு தீர்ந்ததும் பல ப்ரீபெய்ட் திட்டங்களில் இணைப்பு அறுந்துபோகாது. வேகம் 64 கேபிபிஎஸ்ஸாக இறங்கிவிடும். நொடிக்கு 8 கேபி. 2 எம்பி புகைப்படம் ஒன்று வந்து சேர நாலு நிமிடத்துக்கு மேல். வாட்ஸாப்பில் எழுத்து மட்டும் ஊர்ந்து போகும். வைஃபை கோடு நிறைந்திருக்கும், டிபிஎம் நன்றாக இருக்கும், நெட் மட்டும் செத்ததுபோல் கிடக்கும். பெட்டி போச்சு என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் முதலில் அன்றைய அளவு மீதி இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. நள்ளிரவு தாண்டியதும் 'தானாகச் சரியாகிவிட்டது' என்றால் சந்தேகமே வேண்டாம்.

## வைஃபை என்றால் இலவசம் என்று நம்பும் கருவிகள்

என்னைக் கேட்டால், ஹாட்ஸ்பாட் விஷயத்தில் அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். நான் ஏமாந்ததும் இங்கேதான்.

போனும் லேப்டாப்பும் இணைப்புகளை இரண்டு ஜாதியாகப் பிரித்து வைத்திருக்கின்றன. சிம் டேட்டா என்றால் காசு போகும், சிக்கனமாக இருக்க வேண்டும். வைஃபை என்றால் அளவில்லாமல் வரும், ஆசை தீரச் செலவழிக்கலாம். வைஃபை பெரும்பாலும் கேபிள் இணைப்பின் நுனியில் இருந்த காலத்தில் உருவான நம்பிக்கை அது. உங்கள் ஹாட்ஸ்பாட்டோ வைஃபை வேஷம் போட்ட சிம் டேட்டா. வேஷத்தைப் பார்த்து லேப்டாப் ஏமாறுகிறது.

விளைவு என்ன? 'வைஃபையில் மட்டும்' என்று நீங்களே அமைத்து வைத்த வேலைகள் எல்லாம் ஹாட்ஸ்பாட்டில் சேர்ந்த மறுநிமிடமே வரிசையில் வந்து நிற்கும். கூகுள் ஃபோட்டோஸ் போன வாரக் கோயில் திருவிழா வீடியோக்களை மேலே ஏற்றத் தொடங்கும். ப்ளே ஸ்டோர் முப்பது செயலிகளைப் புதுப்பிக்கும். விண்டோஸ் ஓசையில்லாமல் அப்டேட்டை இறக்கும். ஒருமுறை விடுதி அறையில் வேலை பார்க்க உட்கார்ந்தேன். ஒரு மின்னஞ்சல்கூட அனுப்பவில்லை, அதற்குள் அன்றைய அளவு தீர்ந்துவிட்டதாகக் குறுஞ்செய்தி. யாரோ பாஸ்வேர்டைத் திருடிவிட்டார்கள் என்று பக்கத்து அறைக்காரரைச் சந்தேகமாகப் பார்த்தேன். திருடன் என் மடியில்தான் இருந்தான்.

இதற்கு மருந்து எளிது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் அந்த வைஃபையின் அமைப்புக்குள் போனால் 'மீட்டர்டு கனெக்‌ஷன்' என்று ஒரு பொத்தான் இருக்கும். மீட்டர் ஓடும் இணைப்பு, பார்த்துச் செலவழி என்று பொருள். ஆட்டோ மீட்டர் மாதிரிதான். அதைப் போட்டதும் பெரும்பாலான அப்டேட்கள் அடங்கிவிடும். ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு வைஃபைக்கும் இதே ஏற்பாடு உண்டு. ஐபோனில் 'லோ டேட்டா மோடு' என்று இருக்கும். போனிலிருந்து போனுக்கு ஹாட்ஸ்பாட் கொடுக்கும்போது சில நேரம் கருவிகளே பேசிவைத்துக்கொண்டு இதைச் செய்துவிடும். தனிப் பெட்டியில் அதை எதிர்பார்க்க வேண்டாம். கையால் ஒருமுறை போட்டுவிடுங்கள். ஸ்மார்ட் டிவி இருந்தால் அதன் யூடியூபில் தரத்தை 480க்கு இறக்கி வையுங்கள். பெரிய திரை தானாகவே மிக உயர்ந்த தரத்தைக் கேட்கும், கொடுத்தால் வாங்கிக்கொண்டே இருக்கும்.

## போன்லயே ஹாட்ஸ்பாட் இருக்கே?

இருக்கிறது. அவசரத்துக்கு அதுவே போதும். தினமும் வீட்டுக்கு என்றால் சிக்கல்.

முதலாவது, அப்பா போனில் ஹாட்ஸ்பாட் என்றால், அவர் கடைக்குக் கிளம்பும்போது வீட்டு நெட்டும் செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பிவிடும். ஆன்லைன் வகுப்பில் இருக்கும் பிள்ளை அம்போ. இரண்டாவது, போன் அந்த நேரம் முழுக்க இரண்டு ரேடியோக்களையும் ஓட்டுகிறது; சூடாகிறது, சார்ஜ் இறங்குகிறது. போனை சார்ஜரில் போட்டபடியே ஹாட்ஸ்பாட் கொடுப்பது பேட்டரிக்குச் செய்யும் கெடுதல்களில் முக்கியமானது. தனிப் பெட்டியில் வேறு நிறுவனத்தின் சிம்மைப் போட்டுக்கொள்ளலாம் என்பதும் ஒரு லாபம். ஒன்று படுத்தால் இன்னொன்று இருக்கும்.

கரண்ட் போனாலும் ஹாட்ஸ்பாட் வேலை செய்யுமே என்பார்கள். சாதாரண மின்வெட்டில் செய்யும். பெட்டியில் பேட்டரி இருக்கிறது, டவரிலும் பேட்டரியும் பல இடங்களில் ஜெனரேட்டரும் இருக்கின்றன. ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் பல பகுதிகளில் மின்சாரத்தோடு செல்போன் சேவையும் போனது. டவருக்கும் சாப்பாடு கரண்ட்தான்.

## பேட்டரி ஏன் உப்புகிறது?

கையடக்கக் கருவி என்று வாங்கி, அதை வருஷம் முழுக்க சார்ஜரிலேயே மாட்டி வைத்து வீட்டு ரூட்டராகப் பாவிப்பவர்கள் நிறைய. லித்தியம்-அயான் பேட்டரிக்கு இரண்டு விஷயங்கள் பிடிக்காது: எப்போதும் நூறு சதவீதத்திலேயே நிற்பது, சூடு. இரண்டும் சேர்ந்தால் உள்ளே வேதிவினையில் வாயு உண்டாகிறது. வெளியே போக வழியில்லாமல் பேட்டரி இட்லி மாதிரி உப்புகிறது. என் பழைய பெட்டியின் பின்மூடி ஒருநாள் தானாகவே திறந்துகொண்டு நின்றது. அப்படி ஆனால் அமுக்கியோ குத்தியோ பார்க்காமல், அந்தப் பேட்டரியைப் பயன்படுத்துவதை உடனே நிறுத்திவிட வேண்டும். தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. குப்பைத்தொட்டிக்கும் அது போகக் கூடாது, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுக்க வேண்டும். சில மாடல்கள் பேட்டரியைக் கழற்றிவிட்டு சார்ஜரில் மட்டும் ஓடும். அது முடியாத மாடலில் பகலில் கொஞ்ச நேரம் சார்ஜரிலிருந்து எடுத்துவிடுவதே வழி.

## பழுது எந்தப் பக்கம்?

இரண்டு இணைப்பு என்று புரிந்துவிட்டதால் இப்போது சோதனை எளிது. பெட்டியின் பின்பக்கத்தில் அதன் அமைப்புப் பக்க முகவரி அச்சாகியிருக்கும்; பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் எண். வைஃபையில் சேர்ந்து அதை பிரவுசரில் தட்டுங்கள். அந்தப் பக்கம் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. திறக்க இணையமே தேவையில்லை. சட்டென்று திறந்தால் வைஃபை பக்கம் நலம், குறை டவர் பக்கத்திலோ சிம் பக்கத்திலோ. அதுவே திணறினால் வைஃபைதான் பிரச்சினை: தூரம், சுவர், அல்லது 2.4 கிகாஹெர்ட்ஸில் அக்கம்பக்கத்து ரூட்டர்களின் கூட்டம். மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் ஓடுகிறது, சாம்பார் சூடாகும்போது வீடியோ தடுமாறினால் ஆச்சரியப்பட வேண்டாம்.

அங்கே போனதுதான் போனீர்கள், அப்படியே பெட்டியின் நிர்வாகி பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள்.

சிசிடிவி மாட்டியவர்களுக்கு ஒரு வார்த்தை. செல்போன் நிறுவனங்கள் இணைய முகவரி பற்றாக்குறையால் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. அபார்ட்மென்டின் பொது வாசல் எண் தெரியும், உள்ளே எந்தக் கதவு என்று தெரியாத கூரியர்காரர் நிலைமை. அதனால் வெளியூரிலிருந்து வீட்டு முகவரிக்கு நேரடியாக நுழைந்து கேமராவைப் பார்க்கும் பழைய முறை பெரும்பாலும் எடுபடாது. தயாரிப்பாளரின் சர்வர் வழியாகப் பார்க்கும் கேமராக்கள் ஓடும்.

## யாருக்குப் பொருந்தும்?

வாடகை அறையில் தனியாக இருப்பவர், மாதத்துக்கு ஒரு ஊர் போகும் சைட் இன்ஜினியர், கேபிள் வராத தோட்டத்து வீடு, பொருட்காட்சியில் கடை போட்டு கியூஆர் கோடில் காசு வாங்குபவர், ஃபைபர் அடிக்கடி அறுந்துபோகும் தெருவில் வீட்டிலிருந்து வேலை செய்பவர். இவர்களுக்கு நல்ல கருவி. நாலு பேர், ஒரு ஸ்மார்ட் டிவி, ஒரு கேம் விளையாடும் பையன் இருக்கும் வீட்டில் ஃபைபர் கிடைக்கும் என்றால், தயவுசெய்து ஃபைபரே போடுங்கள். கணக்கை மேலேயே பார்த்தோம்.

நடுவில் ஒரு வகை இருக்கிறது. 2023இல் ஏர்டெலும் ஜியோவும் தொடங்கிய ஏர்ஃபைபர். பெயரில் ஃபைபர் இருந்தாலும் வீட்டுக்குள் கண்ணாடி இழை எதுவும் வராது. அதுவும் டவர் இணைப்புதான், ஹாட்ஸ்பாட்டின் பெரியண்ணன். வித்தியாசம், பெரும்பாலும் ஆன்டெனாவை மொட்டைமாடியிலோ வெளிச்சுவரிலோ டவரைப் பார்த்து மாட்டி, அங்கிருந்து வயரில் வீட்டுக்குள் ரூட்டருக்குக் கொண்டுவருகிறார்கள். ஷோகேஸிலிருந்து ஜன்னலுக்கு மாற்றியபோது நாம் செய்த அதே வேலையைக் கொஞ்சம் முறையாகச் செய்வது.

இதைச் சித்தப்பாவிடம் சொன்னேன். உடனே, "அப்ப இந்த மெஷினையே மொட்டைமாடில வச்சிடவா?" என்றார். வேண்டாம், வெயிலில் பேட்டரி தாங்காது என்றேன். போன வாரம் ஊருக்குப் போனபோது பார்த்தேன். ஜன்னலின் உள்பக்கம், நிழலில், மஞ்சப்பைக்குள் போட்டுக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். டிபிஎம் −83. பையை மட்டும் கழற்றச் சொன்னேன், காற்றுப் படட்டும் என்று.